புளிக்காத மாவு

மார்கழி பிறந்துவிட்டதை நம் ஊரில் வாசற்கோலம் அறிவிக்கும். தில்லியில் குடியிருக்கும் நமக்கு அதை அறிவிப்பது இட்லி மாவு. முதல் நாள் மாலை அரைத்து வைத்த மாவை மறுநாள் காலை மூடி திறந்து பார்த்தால், ஊற்றிய மட்டத்திலேயே அசையாமல் கிடக்கும். அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம், இனித் தை பாதி கழியும் வரையில் குளிர்காலந்தான் என்று.

காரணம் எளிது. மாவைப் பொங்கச் செய்பவை உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிவரும் நுண்ணுயிர்கள். லூகோனாஸ்டாக் என்பது அவற்றுள் தலையாயது. ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் அவை ஓரிரவிலேயே தம் வேலையை முடித்துவிடும். தஞ்சைப் பக்கத்தில் மார்கழி இரவிலுங்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. தில்லியிலோ ஜனவரி இரவுகளில் 7 டிகிரி என்பது சாதாரணம். சில இரவுகளில் 4 டிகிரிக்கும் கீழே போய்விடும். மனிதரே ரஜாயைவிட்டு வெளிவர மறுக்கும் அந்தக் குளிரில் நுண்ணுயிரை மட்டும் குறை சொல்வது எப்படி?

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்பு தெரியாது. தெரிந்திருந்தால் 1998-ஆம் ஆண்டுக் குளிர்காலம் எங்கள் வீட்டில் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

அவ்வாண்டு ஐப்பசியில் என் மாமனார் காலமானார். காரியங்கள் முடிந்ததும் மன்னார்குடிக்கு அருகிலுள்ள கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, அத்தையை எங்களோடு அழைத்து வந்தோம். இராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பு, இரண்டாவது மாடி, இரண்டே அறைகள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே கட்டில்.

ஊரில் அத்தையின் இட்லிக்குத் தனிப் பெயர் உண்டு. கல்யாண வீடுகளில் மாவு கரைப்பதற்கென்றே ஆளனுப்பி அழைப்பார்கள். ஊர்ப்பெண்டிர் ஆளுக்கொரு பக்கம் ஆட்டித் தள்ளிய மாவையெல்லாம் அண்டாவில் சேர்த்து, உப்பைப் போட்டு, முழங்கை முழுகும்படி கைவிட்டுக் கரைத்துவிட்டு வருவார். ‘அந்தக் கை பட்டால் மாவு பொங்காமல் போகாது’ என்பது தெருவின் நம்பிக்கை. அத்தையும் அதை மறுத்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தில்லிக்கு வந்த பத்தாம் நாள், “நாளைக்கு நான் இட்லி வார்க்கிறேனம்மா” என்றார். நான்கு பங்கு புழுங்கலரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அளவில் குறையில்லை, அரைத்ததிலும் குறையில்லை. காலையில் பார்த்தால் மாவு தூங்கிக் கிடந்தது. வார்த்த இட்லி சப்பட்டையாக, ஓட்டுச் சில்லைப் போல வந்தது. பெண் ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு முயற்சி. மறுபடியும் அதே கதை. என் கணவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “உனக்கு எதற்கம்மா இந்தச் சிரமம்? காலையில் ரொட்டித் துண்டு போதுமே!”

அத்தை தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார். “கை போய்விட்டதம்மா. அவரோடேயே போய்விட்டது.”

அதற்குப் பிறகு அவர் சமையலறைப் பக்கம் வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருப்பார், போட்டதைச் சாப்பிடுவார். சகோதரிகளே, ஓர் உண்மையை இங்கே ஒளிப்பானேன்? எனக்கு அப்போது உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. அலுவலகத்துக்கு ஓடும் அவசரத்தில், சின்னஞ்சிறு சமையலறையில் இருவர் முட்டிக்கொள்ளாமல் தீர்ந்ததே என்று நினைத்தேன். ஒரு மனுஷி தம் வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்த ஒன்றை இழந்துவிட்டதாக எண்ணி உட்கார்ந்திருக்கிறார் என்பது என் புத்தியில் படவில்லை.

பட்டது கீழ்வீட்டு அம்மையாருக்கு. பஞ்சாபிக் குடும்பம், நாங்கள் எல்லாரும் பீஜீ என்றே அழைப்போம். அத்தைக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. பீஜீக்குத் தமிழ் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி விலகி வெயில் தலைகாட்டிய வேளையில், பீஜீ ஒரு பை நிறையப் பச்சைப் பட்டாணியோடு மேலே வந்து, அத்தையின் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டே போய்விட்டார். கயிற்றுக் கட்டிலில் இருவரும் உட்கார்ந்து உரித்தார்கள். தில்லியில் பட்டாணிக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: உரிப்பதில் பாதி பாத்திரத்துக்கு, பாதி வாய்க்கு. இளம்பட்டாணி பச்சையாகவே அப்படித் தித்திக்கும். அத்தை மறுநாளும் மாடிக்குப் போனார்.

அங்கே என்ன சைகையில் பேசிக்கொண்டார்களோ, அறியேன். ஒரு நாள் மாலை பீஜீ தம் வீட்டுக் கோதுமை மாவு டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே, மாவின் நடுவே, துணி சுற்றிய தயிர்ச்சட்டி புதைந்திருந்தது. பீஜீக்கும் குளிர்காலத்தில் பால் உறைவதில்லை. தமது நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, மேலே வானத்தைச் சுட்டினாராம்: குற்றம் என்னுடையது அல்ல, இந்த மேகமூட்டத்தினுடையது என்று. என் மகள் அதை நடித்துக் காட்டியபோது அத்தை சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபின் நான் கேட்ட முதற்சிரிப்பு அது.

அன்றிரவே மாவு அரைபட்டது. வெதுவெதுப்பான நீரில் அரிசியையும் உளுந்தையும் ஊற வைத்தார். உப்பைப் போட்டுக் கையால் நெடுநேரம் கரைத்தார். எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடி, பழைய சால்வையால் சுற்றி, ரஜாய்க்குள் தமக்கும் பேத்திக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொண்டார்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். விடியற்காலை நான்கு மணிக்கு, “பாட்டி, என் கால் ஈரமாக இருக்கிறது” என்ற குரல் கேட்டு ஓடிப் பார்த்தால், மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, சால்வை நனைந்து, விரிப்பெல்லாம் வழிந்து நின்றது. தூக்கின் கழுத்து வரையில் ஊற்றியிருந்தார் அத்தை.

அத்தனை குளிரில் விரிப்பை அலசியது நான்தான். ஆனாலும் அன்றைக்கு வார்த்த இட்லியைப் போல நான் பின்னர் உண்டதில்லை. கீழ்வீட்டுக்கு எட்டு இட்லியும் மிளகாய்ப்பொடியும் போயின. அந்த ரஜாய் ஹோலிப் பண்டிகை வரையில் புளித்த வாசம் வீசிக்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அதன்பின் சமையலறை மீண்டும் அத்தையின் கைக்குப் போயிற்று. தில்லிச் சந்தையில் குளிர்காலம் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம் அவர் தம் வழிக்குத் திருப்பினார். பட்டாணியில் தேங்காய் போட்டுப் பொரியல்; மொச்சைக் குழம்பின் பக்குவத்திலே பட்டாணிக் குழம்பு. சிவந்த தில்லிக் காரட்டை முதலில் முகம் சுளித்துப் பார்த்தவர், பீஜீ பாலில் சுண்டக் காய்ச்சிய அல்வாவைத் தின்ற பிறகு ஒன்றும் பேசவில்லை. பத்துவா என்று இங்கே விற்கிறார்களே ஒரு கீரை, அதை ஒரு நாள் பீஜீயின் முறத்தில் கண்டதும் ஒரு கொத்தைக் கிள்ளி எடுத்து, “இது நம் சக்கரவர்த்திக் கீரை அல்லவா!” என்று கூவிவிட்டார். உண்மைதான், இரண்டும் ஒன்றே. கோதுமை வயல்களில் களையாக முளைப்பதை இங்கே ரொட்டி மாவோடு பிசைகிறார்கள். நம் வீடுகளில் பருப்போடு கடைகிறோம். அத்தைக்கோ, அயலூர்ச் சந்தையில் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல இருந்தது.

பொங்கலும் வந்தது. லோஹ்ரியும் நம் போகியும் ஒட்டி ஒட்டியே வருவன அல்லவா? கீழே முற்றத்தில் அவர்கள் மூட்டிய தீயின் முன் அத்தையும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக்கைக் கையில் கொடுத்தார்கள். நாங்கள் ஐ.என்.ஏ. சந்தையில் தேடிப் பிடித்து வாங்கிவந்த மஞ்சள் கொத்திலிருந்து ஒரு கிழங்கை ஒடித்துப் பீஜீயிடம் கொடுத்தார் அத்தை.

புதிதாகக் குளிர் நாட்டுக்கு மாற்றலாகி வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒன்றிரண்டு சொல்லி வைக்கிறேன். மாவை ஹீட்டர் அருகில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் வெந்துவிடும். மின்சார அவன் உள்ளவர்கள் அதைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் ஏற்றி, அதற்குள் பாத்திரத்தை வைத்தால் போதும். ஓரிரவில் புளிக்கவில்லையென்றால் அவசரப்படாமல் பகலிலும் விட்டு வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மாவைக் கரைக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். கைராசி உண்டா இல்லையா என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை.

அத்தை 2011-இல் காலமானார். கால் ஈரமானவள் இப்போது சண்டிகரில் வேலையில் இருக்கிறாள், தனிக் குடித்தனம். சென்ற மார்கழியில் ஓரிரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தாள். முதன்முறையாக மாவு அரைத்திருக்கிறாளாம். அவன் விளக்கு உபாயத்தை நான் ஆதியோடந்தமாக விளக்கினேன்.

“அதெல்லாம் வேண்டாமம்மா. ரஜாய்க்குள் வைத்துவிட்டேன். மூடியைத் துணியால் கட்டிவிட்டால் போதுமா?”

“தூக்கில் எவ்வளவு ஊற்றியிருக்கிறாய்?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “பாட்டி அளவுதான்” என்றாள்.