காப்பி வடிக்கக் கற்போம்

காப்பி வடிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கைத்திறன் என்பது என் கருத்து. மாணவர்களே, உங்களைக் காப்பி குடிக்கச் சொல்லவில்லை, வடிக்கத்தான் சொல்கிறேன்.

காப்பி தமிழரின் தொன்மையான பானம் என்று சிலர் பெருமை பேசுவதை நான் ஏற்பதில்லை. அது நம் இல்லங்களில் பரவி நூறாண்டுகளுக்குச் சற்றே கூடுதலாக இருக்கலாம். ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலின் பெயரே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்பதுதான். காப்பிச் செடியோ நாம் இன்று வாழும் கருநாடகத்தின் மலைகளுக்கு உரியது. மெக்கா சென்று திரும்பிய பாபா புதன் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது செவிவழிச் செய்தி. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி இன்றும் இம்மாநிலத்தில்தான் விளைகிறது.

அப்படியானால் நம்முடையது எது? வடிக்கும் முறை. இரண்டு அடுக்குப் பாத்திரம். மேலடுக்கின் அடியில் நுண்துளைகள். உள்ளே காம்பு வைத்த ஒரு தட்டு. தூளைப் போட்டுத் தட்டினால் மெல்ல அமுக்க வேண்டும். மிகுதியாக அமுக்கினால் நீர் இறங்காது. அமுக்காமல் விட்டாலோ நீர் விரைந்தோடி, சாரமற்ற வடிநீரே கிடைக்கும். இந்த அளவைக் கை மட்டுமே அறியும். கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூடிவிட்டால், கால்மணி நேரத்தில் அல்லது சற்றுக் கூடுதலாக டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். கடைகளில் விலை கூடிய கண்ணாடிக் குடுவையாக விற்கப்படும் ‘பிரெஞ்சு பிரஸ்’ஸிலும் காம்பும் துளைத்தட்டும் உண்டு. 1929இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் கலிமானி என்னும் இத்தாலியர்! அதில் கொரகொரப்பான தூளை நான்கு நிமிடம் ஊறவைத்துப் பின் அமுக்குவர். நம் முறையிலோ அமுக்கிய பிறகே நீர் ஊற்றுகிறோம்.

உடனடிக் காப்பித்தூள் இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்பீர்கள். அவசரத்திற்கு அது குற்றமில்லை. ஆனால் அந்தக் கால்மணி நேரமும் நாம் காவல் நிற்க வேண்டியதில்லை. பல் துலக்கி முகம் கழுவி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

நம் கோரமண்டலின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சுரங்கச் சங்கொலிக்கு எழுந்த ஊர், இன்று பெங்களூரு செல்லும் விடியற்காலை ரயிலுக்காக எழுகிறது. இருட்டில் புறப்படும் தந்தைக்கோ தாய்க்கோ சூடாக ஒரு குவளை கொடுக்கப் பத்து வயதைக் கடந்த பிள்ளையால் முடியாதா? அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருக்கட்டும், அவ்வளவே. மகன் வடித்தாலும் காப்பி இறங்கும். இது மகளுக்கு மட்டும் உரிய வேலையன்று.

தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. வடிகட்டி பரணுக்குப் போனால் அதனுடன் சொற்களும் போய்விடும். டிகாக்‌ஷன் ‘இறங்குவதும்’, டபராவில் காப்பியை ‘ஆற்றுவதும்’ அடுக்களையில் கேட்டுப் பழக வேண்டியவை. சூட்டை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம், துயரையும் ஆற்றுகிறோம். இதை வகுப்பில் விளக்க எனக்கு அரைமணி ஆகிறது. பாட்டியின் கையிலிருக்கும் டபரா ஒரு நொடியில் விளக்கிவிடும்.

உங்கள் வீட்டுப் பித்தளை வடிகட்டியைப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகள் அடைத்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய ஊசியால் குத்தினால் போதும். பச்சை படிந்திருந்தால் புளியிட்டுத் தேயுங்கள்.