காலிங் பெல்லுக்கு எதற்கய்யா 230 வோல்ட்?

புதிதாகக் கட்டி கிரகப்பிரவேசம் முடிந்த ஏதாவது ஒரு வீட்டைப் போய்ப் பாருங்கள். வாசலில் தேக்குக் கதவு, தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், ஹாலில் கலர் கலராய் எரியும் ஃபால்ஸ் சீலிங். வெளியே கேட் தூணில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்விட்ச். பெரும்பாலான வீடுகளில் அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருப்பது மிக்ஸியையும் கிரைண்டரையும் ஓட்டுகிற அதே 230 வோல்ட்தான். உள்ளே ஒரு சின்னப் பெட்டி 'டிங் டாங்' என்று அடிக்க வேண்டும், அல்லது குருவி மாதிரி கத்த வேண்டும், அல்லது 'ப்ளீஸ் ஓப்பன் த டோர்' என்று கெஞ்ச வேண்டும். இந்த அல்ப வேலைக்காக, ஆளைக் கொல்லும் மின்சாரத்தை மழையில் நனையும் தூண் வரைக்கும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

பாத்ரூமுக்குள் ஸ்விட்ச் வைக்கலாமா கூடாதா என்று அரை மணி நேரம் விவாதம் நடக்கும். கேட் தூண் என்பது கூரை இல்லாத பாத்ரூம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தூண் வாரக்கணக்கில் காய்வதே இல்லை. ஸ்விட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும், எறும்பு கூடு கட்டும், வெயிலில் பிளாஸ்டிக் விரியும். பக்கத்திலேயே கையால் தொட்டுத் தள்ள வேண்டிய இரும்பு கேட்.

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் அந்த ஸ்விட்சை அழுத்துவதே இல்லை. அவரிடம் சாவி இருக்கிறது. அழுத்துகிறவர்கள் தபால்காரர், கூரியர் பையன், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பந்து கேட்டு வரும் பக்கத்து வீட்டுக் குழந்தை. செலவை மிச்சம் பிடித்தவர் ஒருவர், ஈரக் கையோடு அதன் ஆபத்தைத் தொடுகிறவர் வேறொருவர்.

பத்தாம் வகுப்பில் ஓம் விதியை எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. நனைந்த மனித உடம்பின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பகுதியே போதும். அதே இடத்தில் 12 வோல்ட் இருந்தால் 12 மில்லி ஆம்பியர். சுரீர் என்று கையை எடுக்கலாம், அவ்வளவுதான். உலர்ந்த கையில் அதுகூடத் தெரியாது. ஏசியில் 50 வோல்ட், டிசியில் 120 வோல்ட் வரைக்கும் உள்ளதை மிகக் குறைந்த மின்னழுத்தம் என்று சர்வதேசத் தர விதிகள் தனியாகப் பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை.

"அதான் ஆர்சிசிபி போட்டிருக்கோமே" என்பார்கள். போட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது. இருக்கும் வீட்டில் என்ன கதை? மழைக்காலத்தில் கேட் ஸ்விட்சில் கசிவு ஏற்பட்டு அது அடிக்கடி விழும். உடனே 'தொல்லை பண்ணுது' என்று அதையே பைபாஸ் செய்யச் சொல்லும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, மின்சார மணிக்கும் மெயின் சப்ளைக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே இல்லை. 1866இல் லெக்லாஞ்சே மின்கலம் வந்த பிறகு வீட்டு மணிகள் அந்த மாதிரி பேட்டரிகளில்தான் அடித்தன. பின்னால் வீடுகளுக்கு மெயின் லைன் வந்தபோது, அமெரிக்காவில் பேட்டரி இருந்த இடத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே பெல்லுக்குப் பொதுவாக 16 வோல்ட்தான். பிரிட்டனில் 8 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சகஜம். நம் ஊரில் அந்த டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் 'எதுக்கு சார் வீண் செலவு' என்று தூக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆசையாக வாங்கிவரும் வயர் வைத்த வீடியோ டோர்பெல்லில் 16 முதல் 24 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதைப் பழைய பெல் வயரில் அப்படியே மாட்டினால் புகைதான் வரும்.

எலக்ட்ரீஷியனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பாயிண்ட் கணக்கில் கூலி. டியூப் லைட்டும் ஒரு பாயிண்ட், காலிங் பெல்லும் ஒரு பாயிண்ட். பிளான் போடும் இன்ஜினியர் வரைபடத்தில் ஒரு மணிப் படம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அங்கே எத்தனை வோல்ட் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, குறைந்த வோல்ட்டேஜுக்கு மாறியவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால், அங்கே வேறு கூத்து. கேட்டில் கேமரா, எலக்ட்ரிக் லாக் என்று வைக்கிறார்கள். 12 வோல்ட்தானே, எந்த வயராக இருந்தால் என்ன என்று முடிந்த மட்டும் மெலிதாக ஒன்றை இழுத்துவிடுகிறார்கள். 230 வோல்ட்டில் இரண்டு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் இரண்டு குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போச்சு.

கேட் 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 40 மீட்டர் வயர். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் மின்தடை சுமார் 3.4 ஓம். ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் 1.7 வோல்ட் வழியிலேயே காலி. அந்த வயர் செம்பு பூசிய அலுமினியம் என்றால் (சிசிஏ என்று பெட்டியில் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை) மின்தடை 5 ஓமைத் தாண்டும். கேமராவுக்குப் போய்ச் சேர்வது 9 வோல்ட்டும் சொச்சமும். பகலில் அழகாகப் படம் காட்டிய கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும் மர்மம் பல வீடுகளில் இதுதான். திருடன் வரும் நேரத்தில்தான் அதற்கு மயக்கம் வருகிறது! பாவம், பழி கேமரா மேல். அதே தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டிருந்தால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஓர் ஆம்பியர் இழுக்கும் லாக்கும் அதில் ஒழுங்காகத் திறக்கும். அந்த அலுமினிய வயரில் 'டிக்' என்று சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கடையில் வயரை வாங்கும் முன் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகப் பைப் பதிப்பவர்கள் முழுச் செம்பு கேட்-6 வயர் இழுத்து, அதிலேயே மின்சாரமும் போகும் பிஓஇ கேமரா வைப்பது உத்தமம். அது சுமார் 48 வோல்ட்டில் போவதால் வழியிழப்பு குறைவு, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். ஆனால் அதற்குத் தனிப் பைப் வேண்டும். 230 வோல்ட் போகும் பைப்பிலேயே மெல்லிய கேமரா வயரையும் நுழைத்துவிட்டு, உள்ளே எங்கோ உறை கிழிந்தால் கேட்டில் இருப்பது மறுபடியும் 230 வோல்ட்தான்.

"எல்லாம் வயர்லெஸ் வந்தாச்சே, இன்னும் என்ன வயர்?" என்று கேட்பவர்களும் உண்டு. பெல்லுக்கு மட்டும் என்றால் வயர்லெஸ் பெல் தாராளமாகப் போதும். கேட் ஸ்விட்சில் 230 வோல்ட் வைப்பதற்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வயர்லெஸ் கேமரா என்று விற்பதில் பாதிக்கு அடாப்டர் வயர் ஒன்று தொங்குகிறது. மீதிக்கு பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும். ஊருக்குப் போன வீட்டில் அதை யார் செய்வது?

ஏற்கனவே கட்டிய வீட்டில் சுவரை உடைக்க வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். கேட்டுக்குப் போகும் பழைய ஒன் ஸ்கொயர் வயரையே வைத்துக்கொள்ளலாம், அதன் உறை மெயின் லைனையே தாங்கக்கூடியது. வீட்டுக்குள் அந்த இரண்டு வயரையும் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் முழுசாகப் பிரித்துவிட்டு, ஒரு நல்ல 12 வோல்ட் அடாப்டரோடும் 12 வோல்ட் ரிலேயோடும் சேர்க்க வேண்டும். கேட் ஸ்விட்ச் ரிலேயை இயக்கும், ரிலே உள்ளே இருக்கும் பழைய குருவிப் பெட்டியை இயக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்குச் சின்ன வேலை. முடிந்ததும் அவரை விட்டே கேட் ஸ்விட்சின் இரண்டு முனையிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் டெஸ்டர் எரியக் கூடாது.