கொடையன்று, கடன்!

ஒருவன் வீட்டுக் கிணற்றில் நஞ்சைக் கலந்துவிட்டு, அவ்வீட்டு வாயிலிலேயே தண்ணீர்ப் பந்தல் அமைப்பவனை வள்ளல் என்று எவரேனும் வாழ்த்துவரோ? பன்னாட்டு எண்ணெய் நிறுவனங்களோ அத்தகைய வாழ்த்தையே எதிர்பார்க்கின்றன. அதற்கு அவை இட்டுக்கொண்ட பெயர் ‘குமுகப் பொறுப்பு’ என்பதாகும்.

நைசீரியாவின் நைசர் ஆற்றுக் கழிமுகத்தில் உழுதும் மீன்பிடித்தும் வாழும் சிற்றினத்தார் ஓகோனியர். அவர்தம் மண்ணில் 1958இல் செல் நிறுவனம் கல்லெண்ணெய் கண்டது. ஊதியம் நிறுவனத்துக்கும் நடுவணரசுக்கும் போயிற்று. கசிவும் கரியும் ஓகோனியர்க்கு எஞ்சின. உரிமை கேட்டெழுந்தார் எழுத்தாளர் கென் சாரோ விவா. 1993 சனவரி 4ஆம் நாள் ஏறத்தாழ 3 இலக்கம் மக்கள் படைக்கலம் ஏந்தாது அணிவகுத்தனர். ஓகோனித் தலைவர் நால்வர் கொலைக்குத் தூண்டினர் என்று குற்றஞ்சாட்டி, 1995 நவம்பர் 10ஆம் நாள் படையாட்சி அவரையும் தோழர் எண்மரையும் தூக்கிலிட்டது. 2025 சூனில் நைசீரிய அரசு அவர்கட்கு மன்னிப்பு வழங்கியது. முறையற்ற உசாவலால் மாண்டார்க்கு வேண்டுவது மன்னிப்பா, குற்றமின்மையை அறிவிக்கும் தீர்ப்பா?

ஓகோனி மண்ணை மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஒன்றிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் அறிவித்தது. ஓரூரின் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் நஞ்சு, உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவினும் 900 மடங்குக்கு மேல் இருந்தது. போடோ ஊரில் 2008இல் நேர்ந்த கசிவுகட்கு, இலண்டன் மன்றில் வழக்குத் தொடுத்த பின்னரே, 2015இல் 5½ கோடி பவுண்டு தர செல் இசைந்தது. பொறுப்புத் தானாகக் கனியவில்லை. வழக்கே அதனைக் கனிவித்தது.

பள்ளி கட்டினோம், மருத்துவமனை அமைத்தோம் என்பர். மறுக்கவில்லை. குழாயை உடைத்து எண்ணெய் திருடுவாரும் மண்ணைக் கெடுத்தனர் என்பர். அதுவும் உண்மையே. ஆயினும், நிறுவனம் விரும்பியார்க்கு விரும்பியவாறு ஈயும்போது, பெற்ற ஊருக்கும் பெறாத ஊருக்கும் பகை மூள்கிறது. தலைவர்க்கும் இளைஞர்க்கும் பிளவு நேர்கிறது. பூசலைத் தணிக்கப் பணம் கொடுத்தால், பூசல் விளைப்பதே தொழிலாகிவிடும்.

நைசீரியாவின் 2021ஆம் ஆண்டுக் கல்லெண்ணெய்ச் சட்டம், நிறுவனங்கள் தம் ஆண்டு இயக்கச் செலவில் 3 விழுக்காட்டை ஊர் நல வைப்புக்குத் தரவேண்டும் என்கிறது. நன்று. ஆனால், அதன் ஆளுங்குழுவை ஊராரைக் கலந்து அமர்த்துவது நிறுவனமே. எவனோ குழாயை உடைத்தாலும், செப்பனிடும் செலவு ஊரார் பங்கினின்று கழியும். ஒருவன் திருட்டுக்கு ஊரையே ஒறுப்பது எவ்வகை அறம்?

2025 மார்ச்சில் செல் தன் நைசீரிய நிலப்பகுதித் துணை நிறுவனத்தை விற்றுவிட்டது. கடன்பட்டவன் வீட்டை விற்பதால் கடன் தீருமோ? முதலில் மண்ணையும் நீரையும் தூய்மை செய்க. பின்னர்ப் பள்ளி கட்டுக. வரவு செலவையும் முடிவையும் ஊர்மன்றின் கையில் ஒப்படைக்க. மண்ணுக்குரியார் இரவலர் அல்லர்; அவர்க்குத் தருவது கொடையன்று, கடனே!