தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பின்னால் ஒளியாதீர்கள்

பிளஸ் டூவில் ஆண்டுதோறும் பெண்பிள்ளைகள்தான் முந்துகிறார்கள், பிறகு வகுப்பறையில் ஏது பாகுபாடு என்று கேட்டுவிட்டு, வழக்கையே முடித்துவைத்த நிம்மதியில் இருக்கிறார், பள்ளியில் ஆண் பெண் பாகுபாடே இல்லை என்று எழுதியிருக்கும் ஒரு கட்டுரையாளர். 2024-இல் தமிழ்நாட்டில் மாணவியர் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர் 92.37. கணக்கு சரிதான். ஆனால் அந்த விடைத்தாளைப் பெயரை மறைத்துத்தான் திருத்தக் கொடுக்கிறார்கள். ஆள் தெரியாத இடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டி, ஆள் தெரிந்த இடத்தில் ஓரவஞ்சனையே இல்லை என்று சாதிக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஏழாம் வகுப்புக்கு வாருங்கள். பேசிக்கொண்டிருந்த பையனுக்கு என்ன தண்டனை? "போய்ப் பொண்ணுங்க வரிசையில உட்காருடா!" வகுப்பே சிரிக்கும். கூனிக்குறுகிப் போய் பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொள்வான். அவனுக்கு அந்தப் பீரியடோடு தண்டனை முடிந்தது. தங்கள் பக்கத்தில் உட்காருவதே ஒருவனுக்கு அவமானம் என்று, அதே பெஞ்சில் ஒரு தப்பும் செய்யாமல் இருந்த பெண்பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்றே, அதை எந்த மார்க் ஷீட்டில் தேடுவார் இவர்? ஆசிரியர் வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்பார். அதுதான் சிக்கலே.

சரி, அவர் நம்பும் எண்களுக்கே வருவோம். நான்கு விழுக்காடு பின்தங்கி நிற்பது யார்? பையன்கள். விழுந்து விழுந்து படிப்பது பொண்ணுங்க வேலை என்று பன்னிரண்டு வயதில் அவர்கள் தலையில் ஏற்றியதற்கு இதில் பங்கே இருக்காதா? பையன்களுக்காகவாவது இவர் கவலைப்பட்டிருக்கலாம்.

வீட்டில் ஊறியதைப் பள்ளி மாற்றாது என்பது அடுத்த வாதம். ஹரியானாவைவிட ஊறிய இடம் வேண்டுமா? அங்கே 314 அரசுப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவான பள்ளிகளில், ஏழாம் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளோடு தொடங்கி, ஆண் பெண் சமத்துவம் பற்றி இரண்டரை ஆண்டு பேசினார்கள். எண்ணம் மாறியது, வகுப்புகள் நின்று இரண்டாண்டு ஆகியும் அந்த மாற்றம் கரையவில்லை. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுப்பதாகச் சொன்னார்கள். (அவர்களே சொன்னதுதான், ரொம்பவும் பெரிதாக்க வேண்டாம்.) 'மாறாது' என்பதற்கு இவரிடம் இருக்கும் ஆதாரமோ இவருடைய குரல் மட்டும்தான்.

கடைசியாக, ஆசிரியர்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லையாம். ஆண்டு விழாவில் பன்னீர் தெளிக்க ஒரு பையனையும் மைக் பிடிக்க ஒரு பெண்ணையும் நிறுத்த எத்தனை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்? வகுப்பைக் கூட்டிப் பெருக்கப் பதிவேட்டு வரிசைப்படி கூப்பிட? பல பள்ளிகளில் அந்தப் பதிவேட்டிலேயே பையன்கள் பெயர்தான் முதலில் என்பது வேறு கதை.