பாஸ்புக்கில் 20, 436 ரூபாய் கழிந்திருக்கிறதா? வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய இன்சூரன்ஸ் கணக்கு!

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பலரின் வங்கிக் கணக்கில் இருந்து 20 ரூபாயும் 436 ரூபாயும் கழியும். திண்டுக்கல் அருகே உள்ள தாடிக்கொம்பு போன்ற ஊர்களிலும், "பேங்க்ல ஏதோ பிடிச்சிட்டாங்க" என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால், அந்த இரண்டு வரிக்குப் பின்னால் 4 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவருக்கே அது தெரியவில்லை என்றால், அவருக்குப் பிறகு குடும்பம் எப்படிப் போய்க் கேட்கும்?

எந்தப் பணம் எதற்கு?

20 ரூபாய், பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கானது. இது விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய். இரண்டு கண் பார்வையோ, இரண்டு கைகளோ, இரண்டு கால்களோ மீட்க முடியாமல் போனாலும் 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் என்றால் 1 லட்சம்.

436 ரூபாய், பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கானது. இது ஆயுள் காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். 55 வயது வரை தொடரலாம். இறப்புக்குக் காரணம் எதுவானாலும் 2 லட்சம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களில் மட்டும், விபத்தால் இறந்தால்தான் பணம்.

இரண்டு திட்டங்களும் 2015 மே 9 அன்று தொடங்கப்பட்டவை. அப்போது 12 ரூபாய், 330 ரூபாய் என்று இருந்த பிரீமியம் 2022 ஜூன் 1 முதல் உயர்ந்தது. ஜூன் 1 முதல் மே 31 வரைதான் ஓர் ஆண்டுக் கணக்கு. இரண்டிலும் இருப்பவர் விபத்தில் இறந்தால், இரண்டு தொகையையும் குடும்பம் கேட்கலாம்.

பாம்பு கடித்தால் விபத்தா?

ஆம். விபத்து என்றால் பைக், பஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் பாம்பு கடித்து இறப்பதும், மரத்தில் இருந்து விழுந்து இறப்பதும் இதில் வரும். ஆனால், காரணத்தைச் சொல்லும் மருத்துவமனைப் பதிவு உடனே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சாலை விபத்து, நீரில் மூழ்குவது போன்றவை என்றால் போலீசில் புகார் பதிவாக வேண்டும்.

கிராமங்களில் சிக்கல் வருவது இங்கேதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல், போலீசுக்கும் சொல்லாமல் அடக்கம் முடிந்துவிட்டால், விபத்து என்று நிரூபிக்கக் கையில் ஒரு பேப்பரும் இருக்காது. துக்க வீட்டில் இதையெல்லாம் யோசிக்க மனசு வராது. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே தவறிப்போகிறது?

* பிரீமியம் பிடிக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும்.
* இரண்டு வங்கிகளில் ஒரே திட்டத்துக்குப் பணம் பிடித்தாலும், அந்தத் திட்டத்தில் 2 லட்சம்தான் கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் வீண்.
* நாமினி பெயர் பழையதாகவோ தவறாகவோ இருந்தால் பணம் வாங்க அலைய வேண்டியிருக்கும்.
* இது சேமிப்புத் திட்டம் இல்லை. "இத்தனை வருஷம் கட்டுனேன், திருப்பித் தாங்க" என்று கேட்க முடியாது.
* ஆஸ்பத்திரி பில்லும் இதில் வராது. அதற்குத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. அதன் இலவச எண் 1800 425 3993.

யாரிடம் கேட்பது?

முதலில் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை. நாமினி அங்கேயே க்ளெய்ம் படிவம் வாங்கி, இறப்புச் சான்றிதழுடன் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் கொடுப்பது நல்லது. தமிழ்ப் படிவம் ஜன் சுரக்ஷா இணையதளத்திலும் இருக்கிறது. சந்தேகம் கேட்க இலவச எண்: 1800 180 1111.

இந்த இரண்டு திட்டங்கள் மட்டுமல்ல, எந்தக் காப்பீடாக இருந்தாலும் க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். இவர் ‘ஆம்புட்ஸ்மேன்’ எனப்படுபவர். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர உத்தரவிட முடியும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இன்று என்ன செய்யலாம்?

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, மே, ஜூன் மாத வரிகளைப் பாருங்கள். பணம் பிடித்திருந்தால் நாமினி யார் என்று வங்கியில் கேளுங்கள். பிறகு எந்த வங்கி, எந்தத் திட்டம் என்பதை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்து, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். நாளை வங்கிக்குப் போய்ப் படிவம் கொடுக்கப் போவது அவர்கள்தான்.