கிரிவலம் போறீங்களா? மலையடிவாரத்தில் ஒரு வாடகைக் கணக்கும் இருக்கு!

லாங் வீக்கெண்ட் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார், "திருவண்ணாமலை போலாமா?" 2024 மே மாதம் சென்னை கடற்கரையிலிருந்து நேரடி ரயில் விட்டபோது டிக்கெட் வெறும் 50 ரூபாய். அதனால் பிளான் போட்டதும் கிளம்பிவிடலாம். ஆனால் போய் இறங்கினால் அறை கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

14 கி.மீ கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். சேஷாத்ரி ஆசிரமம், அடுத்து ரமணாசிரமம். பிளாட்பாரத்தில் காவி உடுத்திய சாதுக்கள். எதிர்ப்பக்கம் ஆர்கானிக் கஃபே, யோகா போர்டு. ஹோட்டல் பெயர்ப்பலகையில் தெலுங்கு. ஆட்டோ அண்ணன் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் பேரம் பேசுவார். பெருநகரத்தின் ஏதோ ஒரு ஏரியாவில் நிற்கிற மாதிரி இருக்கும்.

எல்லோருமே வந்தவங்கதான்!

'வெளியாட்கள் வந்து ஊரைக் கெடுத்துட்டாங்க' என்று சொல்வது சுலபம். ஆனால் ரமணரே வெளியூர்க்காரர்தான். 1896 செப்டம்பர் 1 அன்று, மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்து இங்கே இறங்கியபோது அவருக்கு வயது 16. 1922-ல் அவருடைய தாயார் மறைந்தபின், அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஆசிரமம். பால் பிரண்டன் 1934-ல் எழுதிய புத்தகம் அவரை மேற்கு நாடுகளுக்கு அறிமுகப்படுத்தியது. 1938-ல் சாமர்செட் மாம் வந்துபோனார். அண்மைக் காலத்தில் ஆந்திரா, தெலங்கானா பக்தர்கள் குவிவதற்கு சாகண்டி கோடேஸ்வர ராவின் தெலுங்குச் சொற்பொழிவுகளை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆக, யார் வருகிறார்கள் என்பது பிரச்னை இல்லை. அவர்கள் வந்தபின் யாரால் தொடர்ந்து இருக்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

வாடகை செய்யும் வேலை

வசதியானவர்கள் குடியேறக் குடியேற ஒரு ஏரியாவின் விலைவாசி ஏறி, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறுவதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர். 1964-ல் லண்டனைப் பற்றி எழுதும்போது சமூகவியலாளர் ரூத் கிளாஸ் உருவாக்கிய சொல் இது. லண்டனில் புதிதாக வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். இங்கே பலர் இரண்டே நாளில் கிளம்பிவிடுகிறார்கள். ஆனாலும் வாடகை ஏறுகிறது. எப்படி?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு வீட்டை உள்ளூர்க் குடும்பத்துக்கு விட்டால் மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையே நாள் வாடகைக்கு 1,500 ரூபாய் என்று விட்டால், மாதத்தில் பத்து நாள் ஆள் வந்தாலே 15,000 ரூபாய். நீங்கள் ஓனராக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அவரைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த ஹோம்ஸ்டேயைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கும் ஒரு வீடு வேணும் இல்லையா? ஊருக்குக் கூட்டம் வருவதால்தான் அவருக்குச் சம்பளம். அதே கூட்டத்தால்தான் அவர் வீட்டு வாடகையும் ஏறுகிறது.

மலை தந்த எச்சரிக்கை

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீடுகள்மீது மண்ணும் பாறையும் சரிந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இதற்கும் கஃபேக்களுக்கும் நேரடியாக முடிச்சுப் போட முடியாது. ஆனால் அந்தச் சரிவு ஒன்றைக் காட்டியது: சமதளத்தில் இடம் வாங்க முடியாதவர்களுக்கு ஊரில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆபத்தான இடம்தான். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை, பாதுகாப்பு காரணமாக. ஒரு நாள் ஏறுவதே ஆபத்து என்றால், அதே சரிவில் தினமும் படுத்து எழுந்திருப்பவர்களுக்கு?

சரி, என்ன செய்யலாம்?

2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்ந்தது. நாள் வாடகை வீடுகளைக் கணக்கெடுத்து முறைப்படுத்துவது, உழைப்பவர்களுக்குப் பாதுகாப்பான சமதளத்தில் குறைந்த வாடகைக் குடியிருப்புகள் கட்டுவது இரண்டையும் இனி உரக்கவே கேட்கலாம். ஸ்பெயினின் பார்சிலோனா நகரம், சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அபார்ட்மென்ட்களின் உரிமங்களை 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024-ல் அறிவித்தது. அந்த அளவுக்கு இங்கே போகத் தேவையில்லை. யாத்ரீகர்கள்தான் இந்த ஊரின் சோறு. ஆனால் கணக்கெடுப்பே இல்லாமல் எதையும் சரிசெய்ய முடியாது.

அதற்காக நீங்கள் போகாமல் இருக்க வேண்டாம். தாராளமாகப் போங்க. நடந்து முடித்து, கால் வலிக்க செங்கம் ரோட்டில் டீ குடிக்கும்போது மாஸ்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "அண்ணே, உங்க வீடு எங்க? முன்னாடி எங்க இருந்தீங்க?"

அவர் எத்தனை கிலோமீட்டர் சொல்கிறார் என்று கவனியுங்கள்.