காத்திருக்கும் மாதங்களில் ஜமாஅத்தின் கடமை



மத்திய அரசின் கல்லூரித் தகுதி உதவித்தொகை ஆண்டுக்கு 82,000 புதிய மாணவர்களுக்கே உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் பிரிவில் முதல் 20 சதவீதத்தினருள் இருத்தல் வேண்டும்; குடும்ப வருமானம் 4.5 இலட்சத்தைத் தாண்டலாகாது. கிடைப்பின், இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் கல்லூரிக் கட்டணத்தின் கெடு அம்முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

விண்ணப்பித்துவிட்டுப் பொறுத்திருப்பது மாணவரின் தவக்குல். அவரைத் தாங்குவது நம் பொறுப்பு. "துஆ செய்" என்பதோடு நாம் விலகிக்கொள்வது முறையன்று. கள்ளக்குறிச்சியின் ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலிலிருந்து முதல் பருவக் கட்டணத்தை வட்டியில்லா அழகிய கடனாக வழங்கட்டும். கல்வராயன் மலையிலிருந்து படிக்க இறங்கிவரும் ஏழைப் பிள்ளைக்கும் அண்டை வீட்டார் உரிமையோடு வழங்கட்டும். உதவித்தொகை வந்தால் திருப்பட்டும். வராவிடில் அவகாசம் அளிப்போம். தள்ளுபடி செய்வது அதனினும் மேல் என்பதே அல்பகறா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் தரும் படிப்பினை.